காரண எண் நான்கு

நூல் அனுமதி அலுவலகத்தில், ஒரு புத்தகத்தை வாசிப்பாளர் படித்துவிட்டார் என்பதற்கு அதில் விழுந்த வெட்டுகள்தான் அத்தாட்சி. குறைந்தது மூன்று வெட்டாவது விழ வேண்டும். இரண்டே வெட்டோடு ஒரு புத்தகம் மேலே போனால், ‘வாசிப்பாளர் தூங்கிவிட்டாரா?’ என்று சிவப்பு மையில் கேட்டு வந்த வேகத்தில் திரும்பிவிடும். இப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அதனால்தானோ என்னவோ, எழுதிய சட்டங்களைவிடக் கறாராக அது பின்பற்றப்பட்டது.

எழுத்தாளர்களுக்கு இது தெரியாமலா போகும்? விவரமானவர்கள் புத்தகத்துக்கு மூன்று பலியாடுகளைக் கட்டி அனுப்பினார்கள். ரோஜா வளர்ப்பைப் பற்றிய நூலில், உரமிடும் அத்தியாயத்தின் நடுவே, ‘நமது அமைச்சர்களின் மூளையைவிட இந்த உரம் சத்து மிகுந்தது’ என்று ஒரு வரி சம்பந்தமில்லாமல் நிற்கும். வாசிப்பாளர் அதைக் கண்டதும் முகம் மலர்ந்து ஒரே போடாகப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டைத் தேடிப் போவார். மூன்றும் விழுந்ததும் முத்திரை. எழுத்தாளர் சொல்ல வந்தது அப்படியே தப்பிவிடும். இரு தரப்புக்கும் நிம்மதி.

வாழ்க்கை வரலாற்றுப் பிரிவில் இருந்த வாசிப்பாளரை அலுவலகமே கமா என்றுதான் கூப்பிட்டது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மீதியைச் சொல்வார். சில நாள் மீதி வராமலே போகும்.

“கமா சார் திங்கக்கிழமை ‘டீ’ன்னு சொல்வாரு. ‘வேணும்’கிறது செவ்வாக்கிழமை வரும். அதுக்குள்ள டீ ஆறிப் போயிருக்கும்” என்பாள் அதே அறையில் எதிர் மேஜையில் இருந்த டைப்பிஸ்ட்.

கமா அதற்கும் பதில் சொல்லமாட்டார். பத்தொன்பது வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்திருக்கிறார். அவரிடம் வரும் புத்தகத்தை முழுசாகப் படித்தவர் என்று உலகத்தில் இரண்டே பேர்தான் இருப்பார்கள்: எழுதியவர் ஒருவர், கமா ஒருவர். வெளியே போவது குறைப்பட்ட புத்தகம். வெட்டப்பட்ட வரிகளோ வேறு போக்கிடம் இல்லாமல் அவருக்குள்ளேயே தங்கிவிட்டன. பஸ்ஸில் நிற்கும்போது, பல் தேய்க்கும்போது, திடீரென்று அவற்றில் ஒன்று எழுந்து உட்காரும். யாரிடமும் சொல்ல முடியாது. பேச்சு குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவருடைய பேச்சில்லாப் பேச்சைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் மாமனார். தலைமைச் செயலகத்தில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் வீட்டின் பால்கனியில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் உண்டு. சாயங்காலம் ஆறு மணியானால் ஒன்றில் மாமனார், மற்றதில் மாப்பிள்ளை. ஒரு மணி நேரம் தெருவைப் பார்ப்பார்கள். ஒரு வார்த்தை இருக்காது. எழுந்து போகும்போது இருவர் முகத்திலும், வயிறாரப் பேசி முடித்தவர்களின் களை இருக்கும். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துவிட்டு வரும் கமாவின் மனைவி, “இன்னைக்கு என்ன அப்படி ஒரே அரட்டை?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போவாள். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு அளவெடுத்து அளவெடுத்து, அவளுக்கு எதையும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்தில்தான் மாமனார் வாயைத் திறந்தார்.

“மாப்பிள்ளை, ஒரு புத்தகம் எழுதியிருக்கேன்.”

கமா திரும்பிப் பார்த்தார்.

“முப்பத்தொரு வருஷம் லிஃப்டுக்குள்ள நின்னேன். என்னை ஒரு ஆளா எவனும் மதிச்சதில்ல. பட்டன் மாதிரி நானும் ஒரு பட்டன். அதனால என்னை வெச்சுக்கிட்டே எல்லாத்தையும் பேசினாங்க. காதுல விழுந்ததை ராத்திரி வந்து நோட்டுல எழுதி வெச்சேன். இப்ப அதைத்தான் ஒழுங்கு பண்ணி, ‘மேலே கீழே’ன்னு பேர் வெச்சு, பதிப்பகத்துல குடுத்துட்டு வந்தேன்.”

“பதிப்பாளர் என்ன,” என்றார் கமா. கொஞ்ச நேரம் கழித்து, “சொன்னாரு?” என்றார்.

“மூணு பொய்யைச் சேர்த்துக் குடுங்க, வெட்டுறதுக்கு வசதியா இருக்கும்னாரு. நான் கேக்காததை ஒரு வரிகூட எழுதமாட்டேன்னு சொல்லிட்டேன்.” மாமனார் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வாழ்க்கை வரலாறுதானே? உங்க மேஜைக்குத்தானே வரும்? நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா குடுத்தேன்.”

அன்று கமா ஏழு மணிக்கு முன்பே எழுந்து உள்ளே போய்விட்டார்.

புத்தகம் வந்தது. கூடவே வந்த படிவத்தில், ‘நூலாசிரியர் தங்களுக்கு ரத்த உறவா?’ என்ற கேள்வி இருந்தது. கமா நேர்மையாக ‘இல்லை’ என்று எழுதினார். மனைவி வழி உறவைப் பற்றி அரசாங்கம் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

பிறகு படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கத்தில் சிரிப்பு வந்தது. பத்தாவது பக்கத்தில் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். வெள்ளம் பார்க்கப் போகும் அமைச்சர் ஒருவர் லிஃப்ட் கண்ணாடியில் சோக முகத்தை ஒத்திகை பார்க்கிறார். ஒவ்வொரு தளமாகச் சோகத்தைக் கூட்டிக்கொண்டே போய், கதவு திறப்பதற்குள் சற்று அதிகமாகிவிட்டதென்று இரண்டு தளம் கீழே வரச் சொல்லிக் குறைத்துக்கொள்கிறார். ஒரு பாலத்துக்குக் கையெழுத்துப் போட்ட அதிகாரியிடம் இன்னொருவர் “ஆறு எங்க சார் இருக்கு?” என்று கேட்கிறார், “முதல்ல பாலம் முடிவாகட்டும், ஆறை அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறார் அவர். மின்சாரம் போய் நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள், “இந்த நாட்ல கரண்டுக்கு எவன்யா பொறுப்பு?” என்று மின்துறை அமைச்சர் கத்துகிறார். “நீங்கதாங்கய்யா” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வருகிறது. செய்தித்துறை அமைச்சர் ஒரு வெளிநாட்டு விருந்தினரிடம் சொல்கிறார்: “பத்திரிகைக்காரங்களுக்கு எழுத முழுச் சுதந்திரம் இருக்குங்க. அச்சடிக்கிறதுதான் வேற இலாகா.”

அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு நீண்ட சம்பவம். எட்டுப் பேர் போகக்கூடிய லிஃப்டில் ஒன்பது அமைச்சர்கள் ஏறிவிடுகிறார்கள். லிஃப்ட் நகரவில்லை. யாராவது ஒருவர் இறங்க வேண்டும். இன்று இறங்கினால் நாளை என்ன ஆகுமோ என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்க்கிறார்கள். நாற்பது நிமிடம் நகராத லிஃப்டுக்குள்ளேயே அமைச்சரவைக் கூட்டம் நடந்து முடிகிறது.

கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு கமா வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார். பொறுக்கியெடுத்து வெட்ட ஒரு பலியாடுகூட இல்லை. மந்தை முழுவதுமே வெட்டுப்படும் ஆடுகள்தான்.

அவர் வழி தேடுவதற்குள் புத்தகம் அவர் மேஜையை விட்டுப் போய்விட்டது. லிஃப்டைப் பற்றி யாரோ புத்தகம் எழுதியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட இணை இயக்குநர் ஆளனுப்பி வாங்கிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் பெரிய கத்தரி என்று அழைக்கப்பட்டவர் அவர். முன்னால் யாரும் எதுவும் அழைப்பதில்லை. மறுநாள் காலை கமாவைக் கூப்பிட்டார். புத்தகம் மேஜைமேல் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் குப்புறக் கவிழ்ந்து கிடந்தது.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று கமாவுக்குத் தெரியும். பதவி உயர்வு கேட்க அமைச்சரைப் பார்க்கப் போகும் ஓர் அதிகாரி, லிஃப்ட் கண்ணாடி முன் மூன்று விதமாகக் குனிந்து வணக்கம் சொல்லிப் பார்க்கிறார். பிறகு லிஃப்ட்காரரிடம், “எது நல்லா இருக்கு?” என்று கேட்கிறார். “ரெண்டாவதுங்க. மூணாவதுல முதுகு கொஞ்சம் ஓவரா வளையுது.” அதிகாரியின் பெயர் புத்தகத்தில் இல்லை. கையில் இருந்த கத்தரிப்பூ நிறக் கைப்பை மட்டும் இருந்தது. அதே கைப்பை இப்போது இணை இயக்குநரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது.

“இந்தப் புத்தகத்துல ஒரு வரி வெளிய போகக் கூடாது” என்றார் பெரிய கத்தரி.

“தடை...” என்று தொடங்கினார் கமா.

“தடைங்கிற வார்த்தையே வாயில வரக் கூடாதுய்யா! வாசல்ல என்ன மாட்டியிருக்குன்னு பாக்கலையா நீங்க?”

வாசலில் பத்தடி நீளத்துக்கு ஒரு பதாகை தொங்கியது. ‘இந்த ஆண்டு ஒரு நூலுக்குக்கூடத் தடை இல்லை!’ திறந்து வைத்துவிட்டுப் போனவர் அமைச்சரேதான்.

“அப்போ என்ன சார்...”

“அனுமதி குடுங்க. ஆனா வெட்டுங்க. எல்லாத்தையும் வெட்டுங்க. ஒரு வரி மட்டும் விடுங்க. ஒரு வரியாவது இருந்தாத்தான் அதை அனுமதிச்ச நூல்னு சொல்ல முடியும். உப்புச் சப்பில்லாத வரியாப் பாத்து விடுங்க.”

கமா தன் மேஜைக்குத் திரும்பினார். அன்று முழுக்க எந்த வரியை உயிரோடு விடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாலாயிரத்துச் சொச்சம் வரிகளில் ஒன்று. ஒவ்வொன்றும் மாமனாரின் குரலில் ‘நான் இருக்கேன் மாப்பிள்ளை’ என்றது. மாலையில்தான் முடிவு செய்து இணை இயக்குநரிடம் காட்டினார். அறுபத்தொன்றாம் பக்கம், ஐந்தாம் வரி.

“‘எட்டுப் பேருக்கு மேல் ஏறினால் லிஃப்ட் நகராது, யாராவது ஒருவர் இறங்கத்தான் வேண்டும்.’ ம்... இது பாதுகாப்பு விதிதானே? இருக்கட்டும், நல்லது” என்றார் அவர்.

வெட்டுவது சுலபம். வெட்டியதைக் கணக்கில் காட்டுவதுதான் வேலை. அதற்கு ஒரு படிவம் இருந்தது. இடப்பக்கம் வெட்டப்பட்ட பகுதி, ‘ஒரு சொல்லும் குறையாமல்’. வலப்பக்கம் காரண எண். இந்தப் படிவங்களையெல்லாம் சேர்த்து, ஆண்டறிக்கையின் பின்னிணைப்பாக அரசு அச்சகத்தில் அச்சடித்து, சட்டசபையில் வைத்து, எல்லா நூலகத்துக்கும் அனுப்ப வேண்டும். ஏழு வருடத்துக்கு முன்னால், வெளிப்படைத்தன்மை என்ற சொல் நாகரிகமாக இருந்த ஒரு பருவத்தில், இணை இயக்குநரே எழுதிய சுற்றறிக்கை அது. பின்னிணைப்பில் வருடாவருடம் இருந்தது பலியாடுகள் மட்டும்தான். அதை இதுவரை விரும்பிப் புரட்டியது அச்சகத்துக் கரையான்கள் மட்டுமே.

கமா முதல் படிவத்தில் புத்தகத்தின் முதல் பக்கத்தை எழுதினார். இரண்டாவதில் இரண்டாம் பக்கத்தை. மூன்றாவதை எழுதும்போது பேனா தானாக நின்றது. ஒரு சொல்லும் குறையாமல். அரசு அச்சகத்தில். எல்லா நூலகத்துக்கும்.

எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வலப்பக்கப் பத்தியைப் பார்த்தார். காரண எண்கள் மொத்தம் பன்னிரண்டு. வழக்கமாக எல்லோரும் போடுவது பதினொன்று: ‘வாசகருக்குக் குழப்பம் தரக்கூடியது.’ ஆனால் கமாவுக்கு இதில் எந்தக் குழப்பமும் வரவில்லை. எல்லாம் தெள்ளத்தெளிவாகத்தான் இருந்தது. ஏழு: ‘பொய்ச் செய்தி, ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது.’ ஆதாரத்துக்கு எங்கே போவது? விரல் மேலே நகர்ந்து நான்கில் வந்து நின்றது. பத்தொன்பது வருடத்தில் யாரும் தொடாத எண். ‘செய்தி உண்மையே, ஆயினும் வெளியிடத் தக்கதன்று.’

கமா நான்கு என்று எழுதினார். அடுத்ததற்கும் நான்கு. அதற்கடுத்ததற்கும்.

டைப்பிஸ்ட்டுக்கு அடுத்த மூன்று வாரமும் அதே வேலை. முதல் நாள், “இருநூத்திப் பதினாலு பக்கமா? என் விரலு என்ன கடன்பட்டிருக்கு உங்களுக்கு?” என்று சண்டைக்கு வந்தாள். இரண்டாம் நாள் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் தட்டச்சு நின்று நின்று ஓடியது. எட்டிப் பார்த்தால், மேஜைமேல் தலை கவிழ்ந்திருக்க, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“என்னம்மா, அழறீங்களா?”

“கரண்டுக்கு எவன்யா பொறுப்புங்கிறாரு சார்!” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஏன் சார், இது புத்தகமா வந்தாத்தானே தப்பு? பின்னிணைப்பா வந்தா?”

கமா ஜன்னலைப் பார்த்தார்.

“புரிஞ்சுது சார். நான் ஒண்ணும் கேக்கல. நீங்களும் ஒண்ணும் சொல்லல.” மறுபடி தட்ட ஆரம்பித்தாள். அன்றிலிருந்து ஒரு பிழைகூட விழவில்லை.

கையெழுத்துக்குப் போனபோது படிவங்கள் ஒரு சாண் உயரம் இருந்தன. இணை இயக்குநர் நூற்றுப் பன்னிரண்டைக் கண்ணால் பார்க்க விரும்பாததால் எதையுமே பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு, இருநூற்றுப் பதினான்கு இடத்திலும் கையெழுத்தைப் போட்டார். கமா பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாகத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் இதையெல்லாம் சொல்ல முடியாது. சட்டசபையில் வைக்கும்வரை அறிக்கை ரகசியம். ஆனால் வெட்டு ஆணை மட்டும் தபாலில் நேராக மாமனார் பேருக்கு வந்துவிட்டது. ‘அனுமதிக்கப்பட்டது: ஒரு வரி.’

மாமனார் அதை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பால்கனி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அறையில் போட்டுக்கொண்டார்.

கமா அறை வாசலில் போய் நின்றார். “மாமா, ஆண்டறிக்கை...” என்று தொடங்கினார். அங்கே நிறுத்தினார். சட்டம் தடுத்தது பாதி, பழக்கம் தடுத்தது பாதி.

“ஆபீஸ் பேச்செல்லாம் ஆபீசோட இருக்கட்டும் மாப்பிள்ளை” என்று சொல்லி மாமனார் கதவைச் சாத்தினார். கோபமாகக்கூடச் சாத்தவில்லை. லிஃப்ட் கதவைச் சாத்துவதுபோல, மரியாதையாக, மெதுவாக.

அடுத்த இரண்டு மாதத்தில் கமா ஒன்று கற்றுக்கொண்டார். மௌனத்தில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கும். மற்றதில் நாற்காலி இருந்த இடத்தில், தரையில் நான்கு கால் தடம் மட்டும் இருக்கும். தன் வாழ்நாள் முழுக்க மௌனத்தை விரும்பியவருக்கு இந்த இரண்டாவது ரகம் ஒரு வாய்ச் சோறுகூட இறங்கவிடவில்லை.

“போய் நாலு வார்த்தை பேசுங்களேன்” என்றாள் மனைவி.

“பேசினேன்.”

“எத்தனை வார்த்தை?”

“ரெண்டு.”

“எங்கப்பாவுக்கு ஏத்த மாப்பிள்ளைதான்.” தலையிலடித்துக்கொண்டாள். “அவரு தினமும் ராத்திரி சாப்பிடறப்ப என்னைக் கேக்கறாரு தெரியுமா? ‘மாப்பிள்ளைக்குப் பிடிக்கலையாம்மா என் புத்தகம்?’னு. வெட்டினதுகூட அவருக்குப் பெருசில்லங்க. நீங்க படிச்சுட்டு ஒண்ணுமே சொல்லல, அதுதான்.”

கமாவுக்கு அன்று தூக்கம் வரவில்லை.

இதற்கிடையில் பதிப்பாளர் வேறு வீம்புக்கு நின்றார். “அனுமதி குடுத்துட்டாங்கல்ல? விடுவேனா?” என்று ‘மேலே கீழே’யை அச்சடித்தே விட்டார். இருநூற்றுப் பதினான்கு பக்கம். எல்லாம் வெள்ளை. அறுபத்தொன்றாம் பக்கத்தில் மட்டும், அதே ஐந்தாம் வரி இடத்தில், அந்த ஒரு வரி. குழந்தைகளுக்குக் கணக்குப் போட உதவும் என்று சிலர் வாங்கிப் போனார்கள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை ஆண்டறிக்கை சட்டசபையில் வைக்கப்பட்டது. வழக்கம்போல யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நூலகங்களுக்குப் போனது. ஒரு நூலகத்தில், நாற்காலி ஆடாமல் இருக்க அதைக் காலுக்கு முட்டுக்கொடுக்கப் போன நூலகர், இது என்ன இத்தனை கனம் என்று புரட்டியிருக்கிறார். அந்த நாற்காலி இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. நூலகர் அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை.

திங்கட்கிழமை அரசு வெளியீடுகளின் விற்பனை நிலையத்திலிருந்து போன் வந்தது.

“சார், ஆண்டறிக்கை தீர்ந்துபோச்சு சார்.”

“தீர்ந்து...” என்றார் கமா.

“எனக்கும் அதுதான் சார் புரியல. எலி ஏதாவது தின்னுடுச்சான்னு பாத்தேன். இல்ல சார், ஆளுங்கதான் வாங்கிட்டுப் போறாங்க! வாசல்ல வரிசை நிக்குது. வரிசைல நிக்கிறவங்க சிரிச்சுக்கிட்டே நிக்கிறாங்க. எனக்கு பயமா இருக்கு சார்.”

செவ்வாய்க்கிழமை பத்திரிகைகள் விழித்துக்கொண்டன. அனுமதி இல்லாத நூலிலிருந்து ஒரு வரி எடுத்துப் போட்டால் சிறை. அரசு அறிக்கையிலிருந்து எடுத்துப் போட்டால் அது பொதுச்சேவை. ‘பாலம் முதலில், ஆறு பிறகு: அரசு அறிக்கையில் தகவல்.’ ‘அமைச்சரின் சோகம் நான்கு தளங்களில்: செய்தி உண்மையே என அரசு உறுதி.’ ஒரு நாளிதழ், தலையங்கம் எழுதும் இடத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை அப்படியே போட்டு, கீழே காரண எண் நான்கையும் இணை இயக்குநரின் கையெழுத்தையும் படமாகப் போட்டிருந்தது. ஒரு சொல் சொந்தமாகச் சேர்க்கவில்லை.

பதினோரு மணிக்கு கமாவுக்கு அழைப்பு வந்தது. பெரிய கத்தரியின் மேஜையில் ஏழு நாளிதழ்கள். கைப்பையைக் காணோம்.

“உண்மையேன்னு போட்டிருக்கியேய்யா! நான் எப்படிய்யா இதுல கையெழுத்து போட்டேன்?”

“பேனாலதான் சார்” என்றார் கமா. வேண்டுமென்று சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் சொன்னார்.

“நாலை ஏழாத் திருத்துங்க. பொய்ச் செய்தின்னு போடுங்க.”

“ஏழுக்கு ஆதாரம் இணைக்கணும் சார். அந்த மூணு வணக்கத்தையும் நீங்க சொல்லலன்னு...” கமா ஜன்னலைப் பார்த்தார். இணை இயக்குநர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். “எழுதித் தரணும். அந்தப் பக்கத்துல உங்க பேரே இல்லையே, நீங்க ஏன் மறுக்கறீங்கன்னு கேப்பாங்க.”

“அப்போ அறிக்கையைத் திரும்ப வாங்குங்க! பின்னிணைப்பையே வெட்டிடுங்க!”

“வெட்டலாம் சார்.”

“வெட்டுங்க!”

“வெட்டினதை அடுத்த வருஷ அறிக்கையில பின்னிணைப்பாப் போடணும். ஒரு சொல்லும் குறையாம.” கமா சற்று நிறுத்தினார். “உங்க சுற்றறிக்கைதான் சார். ரெண்டாம் பத்தி.”

மேலே மின்விசிறி சுற்றும் சத்தமும், சுவருக்கு அந்தப் பக்கம் டைப்பிஸ்ட் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இருமலாக மாற்றும் சத்தமும் கேட்டன. இணை இயக்குநரும் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே ஜன்னலைப் பார்த்தார்கள்.

“அந்த லிஃப்ட்காரரு இன்னும் உயிரோட இருக்காரா?” என்று கடைசியில் கேட்டார் அவர்.

“இருக்காரு சார்.”

“ரெண்டாவதுதான் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரு. நானும் ரெண்டாவதுதான் பண்ணேன். பதவி உயர்வு வந்துச்சு.” பெருமூச்சு விட்டார். “போங்க. உங்களுக்கு மாற்றல் ஆணை வரும்.”

வந்தது. கீழ்த்தளத்தில், பழைய கோப்புகள் இருக்கும் அறை. ஜன்னல் கிடையாது. இனி வாக்கியத்தின் மீதியை எங்கே பார்த்துத் தேடுவது என்பது ஒன்றுதான் கமாவுக்குக் கவலையாக இருந்தது.

அன்று சாயங்காலம் கமா வீட்டுக்கு வந்தபோது, விற்பனை நிலையத்துக்காரர் தனக்கென்று ஒளித்து வைத்திருந்த அறிக்கைப் பிரதியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மாமனாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டக் கை வரவில்லை. கதவுக்கு வெளியே தரையில் அறிக்கையை வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். பேனாவை எடுத்து அட்டையின் உள்பக்கத்தில் ஒரு வரி எழுதினார். பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதிய முதல் வரி அது. ‘நான் படித்ததிலேயே ஒரு வரிகூட வெட்ட மனம் வராத புத்தகம் இதுதான், மாமா.’ பிறகு பால்கனிக்குப் போய்த் தனியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பின்னால் கதவு திறந்தது. தாள் புரளும் ஓசை. நெடுநேரம் வேறு சத்தமில்லை. ஒரு தடவை மட்டும், அடக்கிப் பார்த்து முடியாமல் வெளியே வந்த ஒரு சிரிப்பு.

ஆறு மணி கழிந்து, ஆறரையும் ஆனது. நாற்காலியின் கால்கள் தரையில் உரசும் சத்தம் மெதுவாக நெருங்கி வந்தது. பழைய தடத்தின்மேல் நான்கு கால்களும் சரியாக உட்கார்ந்தன. மாமனார் அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“மாப்பிள்ளை.”

“மாமா.”

“எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா அறுபத்தொண்ணாம் பக்கத்துல ஒரு வரி விட்டுப்போச்சு.”

“அதை வெட்டல மாமா. வெட்டாதது அறிக்கையில வராது. அது புத்தகத்துல இருக்கு.”

மாமனார் யோசித்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. “அப்போ முழுசாப் படிக்கணும்னா ரெண்டையும் பக்கத்துல வெச்சுத்தான் படிக்கணுமா? கவர்மென்ட் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமா?”

“ஆமா.”

“கமுக்கமா இருந்துக்கிட்டு என்ன வேலை பண்ணியிருக்கீங்க!” தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு, விட்டுப்போன வரியைச் சொல்லிப் பார்ப்பதுபோல உதடு அசைந்தது. “அது சரி, நாலாயிரம் வரி இருக்கறப்ப அதை மட்டும் ஏன் விட்டீங்க?”

“அது வந்து மாமா,” என்று தொடங்கினார் கமா.

தெருவில் ஒரு சைக்கிள் போனது. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்தார்கள். மாமனார் அவசரப்படுத்தவில்லை. ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையில் முப்பத்தொரு வருடம் காத்திருந்து பழகியவர்.

கமாவின் மனைவி கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றும்போதே காதைத் தீட்டிக்கொண்டு பால்கனிப் பக்கம் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

“அப்பாடா, பேச ஆரம்பிச்சுட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.